தமிழிலிருந்து தமிழுக்கு

லண்டனில் எனக்குத் தொழில் மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அகதி நேர்காணல் என்று தமிழர் எங்கே வாய் திறந்தாலும் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். மூலவியாதி தொடக்கம் கொலை வழக்குவரை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நல்லிணக்கத்தை மொழிபெயர்க்க வா என்று யாரும் என்னை விமானத்தில் ஏற்றியதில்லை. எங்கள் போர் முடிந்த வருடம் ஒக்டோபரில் அதுவும் நடந்தது.

அழைத்தவர் கிர்ஸ்டன். டென்மார்க்கில் பிராண்டே என்கிற சிறிய ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை. தேவாலயத்தைச் சேர்ந்த ஒரு சமாதான வட்டத்தை நடத்துகிறவர். "உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் தமிழர்கள் இருக்கிறார்கள். போருக்குப் பிறகு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று சியரா லியோனிலிருந்து ஒரு பெண்மணி வந்து சொல்லப்போகிறார். அங்கே உண்மை ஆணைக்குழுவில் வேலை செய்தவர்" என்றார் தொலைபேசியில்.

"அந்தப் பக்கம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரையும், அவர் இன்னாருடைய ஆள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அதனால் வெளியூர் ஆள் நல்லது."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை விமான நிலையத்தில் மரியாமாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. சாம்பல் நிற மேலங்கிகளுக்கு நடுவில் மஞ்சள் உடுப்புப் போட்ட ஒரே ஆள் அவர்தான். அதற்கு மேல் யாரோ ஓர் ஆணின் கறுப்புக் கோட்டு. காலில் தடித்த காலுறை, அதற்கு மேல் பிளாஸ்டிக் செருப்பு. என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்து, "ஹவ் டி பொடி?" என்றார்.

யாழ்ப்பாணத்தில் பொடி என்றால் பிணம். ஒரு கணம் திகைத்துப் போனேன். அவர்கள் ஊரில் சுகம் விசாரிக்கும் முறையே அதுதானாம். எங்கள் ஊர் அர்த்தத்தை நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த ஐந்து நாளும் கண்ட தமிழர் எல்லாரிடமும் வேண்டுமென்றே அப்படித்தான் கேட்டார்.

சிக்கனக்காரியான கிர்ஸ்டன் எங்களைப் பேருந்தில் வரச் சொல்லியிருந்தார். கிரின்ஸ்டெட் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்தோம். அங்கே அடுத்த பேருந்துக்கு நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். மழை பக்கவாட்டில் அடித்தது. கடைசியில் நாயோடு வந்த ஒரு முதியவர் அட்டவணையை வாசித்துச் சொன்னார்: "இது பள்ளிக்கூட நாட்களில் மட்டும் ஓடுகிறது. இந்தக் கிழமை உருளைக்கிழங்கு விடுமுறை." முன்னொரு காலத்தில் பிள்ளைகள் கிழங்கு கிண்டப் போவதற்காக விட்ட லீவாம். இப்போது கிழங்கை இயந்திரம் கிண்டுகிறது. லீவு மட்டும் மிச்சம்.

மரியாமா ஈரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "எங்கள் ஊரில் பேருந்து வராவிட்டால் டயர் வெடித்திருக்கும், அல்லது டிரைவரைப் பிடித்திருப்பார்கள். கிழங்குக்காக வராமல் விட்டதை இப்போதுதான் பார்க்கிறேன்."

எங்களை மீட்க வந்தவர் செல்வண்ணை. நாங்கள் தங்கப்போவது அவர் வீட்டில்தான். நாற்பதைத் தாண்டிய வயது, தொப்பை, ஓயாத வாய். காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. "தங்கச்சி, இஞ்ச பஸ்ஸை நம்பினவன் கல்யாணமும் கட்டேலாது, செத்தவீட்டுக்கும் போகேலாது. ஏறுங்கோ" என்றார். பாதை நெடுகத் தட்டை நிலம், பன்றி எரு நாற்றம், தூரத்தில் வெள்ளைக் காற்றாலைகள். மனிதர் ஒருவரையும் காணவில்லை. வன்னிப் பெருவெளியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் இப்படித்தான் இருக்கும்.

வரவேற்பு விருந்து கிர்ஸ்டன் வீட்டில். கறுத்த ரொட்டி, அதன்மேல் ஈரல் பசை, அதன்மேல் வெள்ளரித் துண்டு. மரியாமா கத்தியால் அதை மெல்லத் தூக்கிக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தார். ரொட்டிதான் இருந்தது. "ஜெனீவாவிலும் இதுதான், ஒஸ்லோவிலும் இதுதான். என் கதையைக் கேட்டு அழுவார்கள். பிறகு குளிர்ந்த ரொட்டி தருவார்கள். என் கணவர் செத்ததற்கு ஒரு பிடி சோறாவது கிடைக்கக் கூடாதா?" என்று என் காதுக்குள் சொன்னார். இதை நான் கிர்ஸ்டனுக்கு மொழிபெயர்க்கவில்லை.

சோறு செல்வண்ணை வீட்டில் கிடைத்தது. அவருடைய மனைவி ராணி அக்கா புட்டு, மீன் குழம்பு, சொதி, சோறு எல்லாம் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மரியாமா மூன்று முறை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சோறு வயிற்றுக்குள் போகாத நாளைத் தங்கள் ஊரில் சாப்பிட்ட நாளாகவே கணக்கெடுப்பதில்லை என்றார். "அப்ப எங்கட ஆள்தான்" என்றார் ராணி அக்கா. மகள் நிலானி தாய் கேட்டதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொன்னாள், மரியாமாவிடம் ஆங்கிலத்தில் கதைத்தாள், என்னிடம் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்கள் ஏன் அவவுக்கு இவ்வளவு உறைப்புக் குடுக்கிறீங்கள்?" மரியாமாவோ அப்போது காய்ந்த மிளகாயைத் தனியாகக் கடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மரியாமா தான் சமைக்கப்போவதாக அறிவித்தார். மரவள்ளி இலை வேண்டுமாம். நாங்களும் அந்த இலையில் வறை செய்வோம் என்று சொன்னதும் என்னைக் கட்டிப் பிடித்தார். குளிரூட்டிய மரவள்ளி இலை விபோர்க்கில் ஒரு கடையில் இருப்பதாக ராணி அக்காவுக்கு ஞாபகம். அவர் காரோட்ட, மூன்று பெண்கள் ஒரு பொட்டலம் இலைக்காகப் புறப்பட்டோம்.

பின் இருக்கையில் மரியாமா குறட்டை விட்டதும் ராணி அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நாளைக்குக் கூட்டத்துக்கு யோகன் எண்டு ஒராள் வருவார். இவரும் அவரும் ஒரே ஃபக்டறி, ஒரே சேர்ச். எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. இருவது வருசத்துக்கு மேல ஒரு சொல்லுக் கதைச்சதில்லை."

"என்ன பிரச்சினை?"

"அவற்ற தம்பி சுதன் சின்ன இயக்கத்தில இருந்தவன். இவர் பெரிய இயக்கம். பெரிய இயக்கம் மற்ற இயக்கங்களைத் தடை செய்த நேரம் அந்தப் பொடியனைப் பிடிச்சுக்கொண்டு போனவை. பேந்து ஆளைக் காணேல்லை. இவர் நிண்ட காம்பிலதான் வச்சிருந்தவையாம் எண்டு ஊரிலயிருந்து வந்த ஆரோ யோகனுக்குச் சொல்லிப்போட்டினம்."

"அண்ணை என்ன சொல்லுறார்?"

"எனக்கே சொன்னதில்லை. முந்திக் கேட்டால், வாயைத் திறந்தால் இஞ்சயும் ஆள் வரும் எண்டுவார். அது உண்மைதான், அப்ப வந்துதான் இருக்கும். இப்ப இயக்கமே இல்லை. மே மாசத்தோட எல்லாம் முடிஞ்சுது. இப்ப ஆருக்குப் பயம்?" கியரை மாற்றினார். "இப்பவும் கேட்டனான். எழும்பிப் போய்ப் புல்லு வெட்டத் துவங்கீட்டார். ஒக்டோபரில, மழைக்குள்ள."

பின்னேரம் மரியாமா மரவள்ளி இலையை நிலக்கடலைப் பசை போட்டுக் காய்ச்சினார். ராணி அக்கா எங்களூர்த் தூளை அள்ளிப் போட்டார். இரு நாடுகளும் உரிமை கோர முடியாத ஒரு குழம்பு உருவானது. செல்வண்ணை சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை கூட்டம். மண்டபத்தில் நாற்காலிகள் வட்டமாக, நடுவில் மெழுகுதிரி. கிர்ஸ்டன் மேற்குக் கடற்கரையிலிருந்து ஒரு கூழாங்கல் கொண்டுவந்திருந்தார். அது யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். எங்கள் சனம் அந்தக் கல்லைச் சுட்ட கிழங்கு மாதிரிக் கைமாற்றியது. வாங்கிய ஒவ்வொருவரும் "மன்னிப்பு நல்ல விசயம்" என்று சொல்லிப் பக்கத்து ஆளின் மடியில் போட்டார்கள். இருபது பேரை மொழிபெயர்க்க எனக்கு ஒரே வசனம் போதுமாக இருந்தது. செல்வண்ணை கதவோரம், யோகன் ஜன்னலோரம். யோகன் ஒல்லியான, ஒழுங்காகச் சவரம் செய்த மனிதர். வேட்டி கட்டாத வாத்தியார் மாதிரி இருந்தார்.

பிறகு மரியாமா பேசினார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"நான் ஆணைக்குழுவுக்காகக் கிராமம் கிராமமாகப் போய் வாக்குமூலம் எழுதினேன். பாதிப் பேர் சொல்லவில்லை. தலைநகரில் அதே நேரம் ஒரு நீதிமன்றமும் நடந்தது. இங்கே சொல்வது பின்கதவால் அங்கே போய்விடும் என்று பயம். என் கணவர் லொறி டிரைவர். அவரைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோனவன் எங்கள் ஊர்த் தையற்காரன். எங்கள் ஊரில் பகிரங்க விசாரணை வந்தது. அவன் இரவல் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். போதை கொடுத்தார்கள், வற்புறுத்தினார்கள், மன்னியுங்கள் என்றான். யாரோ சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்திருந்தான். சபையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பிப் போய் அவனைக் கட்டிப் பிடித்தேன். கைதட்டினார்கள். அப்போது படம் பிடித்தவர், பதிவாகவில்லை, இன்னொரு முறை செய்யுங்கள் என்றார். ஆகவே ஒரே மனிதனை ஒரே நாளில் இரண்டு முறை மன்னித்தவள் நான்."

தமிழர் பக்கம் சிரித்தது. கிர்ஸ்டன் பக்கம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மெழுகுதிரியைப் பார்த்தது.

யோகன் எழும்பிப் போய், யாருடைய மடியிலோ கிடந்த கல்லை எடுத்தார். "அந்தாள் உண்மை சொன்னவனோ எண்டு கேளுங்கோ" என்றார்.

"பாதி" என்றார் மரியாமா. "மேடையில் சொல்லக்கூடிய பாதி. நான் கேட்க விரும்பியது அதையல்ல. என் மனிதரை எங்கே போட்டாய் என்பதுதான் என் கேள்வி. அதை எவரும் கேட்கவில்லை. விசாரணை முடிந்து, அறிக்கையும் அச்சடித்த பிறகு, ஒரு மழைநாள் அவன் என் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றான். கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினான். அன்றைக்கு நான் அவனைக் கட்டிப் பிடிக்கவில்லை. அடித்தேன். பிறகு அவனே மண்வெட்டி கொண்டு வந்தான்."

யோகன் கல்லைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தமிழ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"என்ர அம்மா ஒவ்வொரு ஞாயிறும் சேர்ச்சில எழும்பி நிண்டு செபிக்கிறவ. ஆண்டவரே, என்ர சுதனை உயிரோட கொண்டுவந்து தாரும் எண்டு. சபை முழுக்க ஆமென் சொல்லும். இந்தச் சபையில ஒராளுக்குத் தெரியும், அவன் வரமாட்டான் எண்டு. அந்தாளும் ஆமென் சொல்லுறார். நான் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருவது வருசமா இருக்கிறன். எனக்கு மன்னிப்பு மயிரொண்டும் வேண்டாம்."

ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாவற்றையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கிர்ஸ்டன் கண்ணைத் துடைத்தார். செல்வண்ணை எழும்பி, "சோறு அடிப்பிடிக்கப்போகுது" என்று சொல்லிக் குசினிக்குள் போனார். சோறு எப்போதோ இறக்கியாயிற்று. கிர்ஸ்டன் இடைவேளை அறிவித்தார். இடைவேளைக்குப் பிறகு யோகனும் இல்லை, கல்லும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மரியாமா கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டேன் என்றார். தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபை வாடகை மண்டபத்தில் கூடியது. கிற்றார், டிரம்ஸ், கைதட்டு. மரியாமாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் முதல் பாட்டிலேயே எழும்பி ஆடத் தொடங்கிவிட்டார். பிள்ளைகள் ஆராதனையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். முன்வரிசையில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா மட்டும் திரும்பவில்லை. அது யோகனின் தாய் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செப நேரம் வந்தது. அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். வழக்கமான செபம்தான் போலும், தடங்கல் இல்லாமல் வந்தது. மகனுடைய பெயரைச் சொன்னார், உயிரோடு கொண்டுவரச் சொன்னார். சபை ஆமென் என்றது. நேற்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் சொல்லும்போதே கண்ணை ஓரமாக விட்டு செல்வண்ணையைப் பார்த்தார்கள்.

செல்வண்ணையின் வாய் மூடியிருந்தது. நெற்றி முழுக்க வேர்வை. மண்டபத்தில் ஹீற்றர்கூட ஒழுங்காக வேலை செய்யவில்லை.

அன்று பின்னேரம் அவர் பகிடி எதுவும் விடவில்லை. எங்கள் பெட்டிகளைக் கொண்டுபோய்க் காருக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். காரின் விளக்கை அணைக்க மறந்துபோனார்.

திங்கட்கிழமை காலை கார் இருமக்கூட இல்லை. மரியாமாவின் விமானம் காத்திருக்காது, என்னுடையதும் அப்படித்தான். பேருந்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. செல்வண்ணை பொனெற்றைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, ராணி அக்கா வீட்டுக்குள் போய்க் கணவரிடம் கேட்காமல் தொலைபேசியை எடுத்தார்.

"யோகன், நான் ராணி. எங்கட கார் ஸ்ராட் ஆகுதில்லை. ஆபிரிக்கா அக்காவின்ர பிளேன் போகப்போகுது... ஓம்... இல்லை, இவருக்குத் தெரியாது."

கொஞ்ச நேரத்தில் ஒரு சாம்பல் நிற வான் வாசலில் வந்து நின்றது. யோகன் இறங்கினார், பெட்டிகளை ஏற்றினார், செல்வண்ணை நின்ற பக்கம் ஒரு மரம் நிற்கிற மாதிரி நடந்துகொண்டார். நான் ஏறினேன். மரியாமா ஏறவில்லை. செல்வண்ணையின் கைச்சட்டையைப் பிடித்து, "என்னைக் கூட்டிவந்தவர் நீங்கள். எங்கள் ஊரில் விருந்தாளியைக் கூட்டிவந்தவனே கொண்டுபோய் விடவும் வேண்டும்" என்றார். அப்படி ஒரு வழக்கம் உண்மையிலேயே இருக்கிறதா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். மரியாமா பிடித்தால் பிடிதான். செல்வண்ணை முன் இருக்கையில் ஏற்றப்பட்டார்.

வான் ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு யோகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஹீற்றர் கூடிப்போச்சோ எண்டு அவரைக் கேளுங்கோ."

தொழில் பழக்கம். நான் முன்னுக்குச் சாய்ந்து செல்வண்ணையிடம், "ஹீற்றர் கூடிப்போச்சோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

"காணும் எண்டு சொல்லுங்கோ."

"காணுமாம்."

மரியாமா என் தோளில் தட்டினார். "எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குச் செய்கிறாய்?"

"தமிழிலிருந்து தமிழுக்கு."

அவர் வாயைக் கோட்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

பெருந்தெருவுக்கு ஏறும் வட்டச் சந்தியில் மஞ்சள் விளக்குச் சுழலும் ஒரு கார் எங்களை மறித்தது. காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய வாகனம் சந்தியைச் சுற்றி வரவேண்டும். அதற்காகப் பெயர்ப் பலகைகளைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அந்த வெள்ளை இறக்கை வந்தது, வந்தது, முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது. நடுச்சந்தியில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. யோகன் என்ஜினை அணைத்தார்.

"எங்கட" என்றார் செல்வண்ணை, யாரிடமும் இல்லாமல்.

"நுனிப்பக்கம் நான் உரஞ்சினது எண்டு சொல்லுங்கோ" என்றார் யோகன்.

"அடிப்பக்கம் நான் எண்டு சொல்லுங்கோ."

இதையும் இருபக்கமும் சொன்னேன். வெளியே ஓர் ஆள் கைவிளக்கோடு ஓடிப்போய் டயரைப் பார்த்தார். யோகன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

"தங்கச்சி, கேளுங்கோ. சுதன் எங்க?"

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, 'அவர் சொல்கிறார்' என்று சுற்றி வளைக்கவும் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். ஹீற்றருக்கு அந்த விதியை மீறியிருந்தேன். இதற்கு முடியவில்லை.

"சுதன் எங்க?" என்று கேட்டேன்.

செல்வண்ணை முகத்தை இறக்கையின் பக்கம் திருப்பினார். "சொல்லுங்கோ... நான் அப்ப பத்தொன்பது வயசு. சென்றியில காவலுக்கு நிண்டனான்."

"நான் அப்ப பத்தொன்பது வயசு. சென்றியில காவலுக்கு நிண்டனான்" என்றேன்.

"அவனும் நானும் ஒரே வகுப்பு. புகையிலைக் கொட்டிலுக்குள்ள வச்சிருந்தவை. ராவு பாணும் சம்பலும் நான்தான் குடுத்தனான். விடிய என்னைக் கிடங்கு வெட்டச் சொன்னவை."

"அவனும் நானும் ஒரே வகுப்பு..." நீதிமன்றத்தில் கொலைகாரருக்காகவும் 'நான்' என்று சொல்லியிருக்கிறேன். அது ஆங்கிலத்தில். அன்றைக்கு என்னுடைய மொழியில், என்னுடைய வாயால், "என்னைக் கிடங்கு வெட்டச் சொன்னவை" என்று சொன்னபோது அந்த 'என்னை' என்னையே குறித்தது.

"நான் வெட்டினனான். ஆனா நான் சுடே..."

"விடுங்கோ தங்கச்சி" என்றார் யோகன். "எனக்கு விளங்குது." முதன்முறையாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். "சுட்டது ஆரெண்டு நான் கேக்கேல்லை. இடத்தைச் சொல்லு."

செல்வண்ணை சொன்னார். எந்தச் சந்தியால் திரும்பவேண்டும், எந்த ஒழுங்கை, எந்தத் தோட்டம். கிணற்றுக்குக் கிழக்கே, பூவரச மரத்துக்கும் வேலிக்கும் நடுவில். யோகன் இடையிடையே, "வாசிகசாலை தாண்டியோ? தாண்ட முதலோ?" என்று கேட்டார். வழி தவறிவிடக் கூடாது என்கிற கவனம் அதில் இருந்தது. "இப்ப அது ஆமிக்காரற்ற வேலிக்குள்ள" என்றார் செல்வண்ணை. "தெரியும்" என்றார் யோகன். "எண்டைக்காவது வேலி எடுப்பாங்கள்."

பிறகு, "என்னவும் சொன்னவனோ?" என்று கேட்டார்.

"சைக்கிளைப் பற்றித்தான் சொன்னவன். அண்ணான்ர சைக்கிள், ரோட்டில விட்டிட்டு வந்திட்டன், எடுத்துக் குடுத்துவிடு, இல்லாட்டி அண்ணா ஏசுவான் எண்டு."

யோகன் சிரித்தார். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய நெற்றி ஸ்டியரிங்கில் போய் முட்டியது, ஹோர்ன் அடித்தது. சந்தியில் நின்ற டேனிஷ்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாட்டில் ஹோர்ன் அடிப்பது பெரிய அவமரியாதை. செல்வண்ணையின் கை எழும்பி, யோகனின் தோளுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. தொடவில்லை. திரும்பி வந்து தன் முழங்காலில் இருந்தது.

இறக்கை ஒருவழியாகத் திரும்பிப் போனது. மஞ்சள் விளக்குக் காரும் போனது.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் மரியாமா கேட்டார், "அந்த இரண்டு பேரும் என்ன பேசினார்கள்?"

"வழி. ஓர் இடத்துக்குப் போகும் வழி."

அவர் செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்தார். "நல்லது" என்றார். பிறகு காலுறையோடு நடந்து போனார். அப்பால் போய்த் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஹவ் டி பொடி?" என்று கத்தினார். ஒரு பாதுகாவலர் மட்டும் மரியாதையாக, "நன்றி, நலம்" என்றார்.

மூன்று கிழமை கழித்து கிர்ஸ்டன் தன் அறிக்கையை அனுப்பினார். கூட்டம் வெற்றி என்றும், பங்குபற்றியவர்கள் உணவை மிகவும் பாராட்டினார்கள் என்றும், கூழாங்கல் யாரிடமாவது இருந்தால் திருப்பித் தரும்படியும் எழுதியிருந்தார்.

ராணி அக்காவின் தொலைபேசி அதற்குப் பிறகுதான் வந்தது. யோகன் தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா இரண்டு ஞாயிறு சபைக்குப் போகவில்லை. பிறகு ஒருநாள் செல்வண்ணையை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"போனவரோ?" என்றேன்.

"போனவர். நல்ல சேட்டுப் போட்டிட்டு, பேந்து அதைக் கழட்டிப்போட்டு வேலை உடுப்போட போனவர். நான் வாசல்வரைக்கும் போனனான். அந்த மனிசி ஏசேல்லை, அழேல்லை. ஒண்டே ஒண்டு கேட்டவ. ராவு அவன் சாப்பிட்டவனோ எண்டு. பாணும் சம்பலும் சாப்பிட்டவன் எண்டு இவர் சொன்னார். உறைச்சிருக்கும், அவனுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது எண்டு சொல்லிப்போட்டு அவ சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தா."

"பிறகு?"

"பிறகு என்ன, இவரும் இருந்தார். விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும். தேத்தண்ணி குடுக்கேல்லை, தங்கச்சி."

யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு அதன் கனம் தெரியும். இயக்கத்துக்கு வரி கேட்டு வந்தவனுக்கும் தேத்தண்ணி கொடுக்கிற சாதி நாங்கள்.

"ஆனால் போகச் சொல்லவும் இல்லை" என்றார் ராணி அக்கா. "இவர் எழும்பேக்க, கதவை இழுத்துச் சாத்து, குளிர் வருது எண்டவ. வாற கிழமையும் போறன் எண்டு நிக்கிறார்."